கூத்தும் இங்கிலீஷ் வகுப்பும்

மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று நண்பர்கள் கேட்டார்கள். இஞ்சினியர் எழுதினால் பாலம், மோட்டார், கம்ப்யூட்டர் என்றுதான் இருக்கும் என நீங்கள் நினைக்கலாம். நான் எடுத்துக்கொண்ட விஷயம் வேறு. இங்கிலீஷ் வகுப்பில் நாலைந்து மாணவர்கள் கூடி, தாங்களே ஒரு குட்டி நாடகம் எழுதி, தாங்களே நடிக்கிறார்களே, அதைப் பற்றி. அட, இதுக்கெல்லாம் ஒரு சரித்திரமா என்கிறீர்களா? இருக்கிறது. அது நம் ஜவ்வாது மலை வரைக்கும் வருகிறது.

சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் முதல்வராக இருந்த வில்லியம் மில்லர் ஷேக்ஸ்பியர் நாடகங்களைப் பற்றித் தனி நூல்களே எழுதியவர். அதே கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த பரிதிமாற் கலைஞர், ரூபாவதி, கலாவதி என்று நாடகங்கள் எழுதியதோடு, 1897-இல் நாடகவியல் என்னும் இலக்கண நூலையும் தந்தார். திருவனந்தபுரத்தில் தத்துவப் பேராசிரியராக இருந்த சுந்தரம் பிள்ளையின் மனோன்மணீயம் 1891-இல் வந்தது. லிட்டன் பிரபுவின் ஆங்கிலக் கதை ஒன்றைத் தழுவியது அது.

அதே 1891-இல்தான், பல்லாரி கிருஷ்ணமாச்சார்லு குழுவின் தெலுங்கு நாடகங்களைப் பார்த்துச் சொக்கிப்போன பம்மல் சம்பந்த முதலியார், தம் நண்பர்களோடு சுகுண விலாச சபையைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 18. ஹாம்லெட் அவர் கையில் அமலாதித்யன் ஆனான். வெனிஸ் வணிகன் வாணீபுர வணிகன் ஆனான். பின்னாளில் நீதிபதியாக இருந்தபோதும் அவர் நாடகத்தை விடவில்லை. 1959-இல் பத்மபூஷண் பெற்றார்.

ஆக, ஆங்கில வகுப்பில் படித்தது தமிழ் மேடைக்குப் போய்ச் சேர்ந்தது. வகுப்புக்குள்ளே என்ன நடந்தது? பெரும்பாலும் நோட்ஸ்தான். சுதந்திரத்துக்குப் பிறகு, 1950-களின் கடைசியில், அன்றைய சென்னை மாநிலம் சுமார் 27,000 ஆசிரியர்களுக்குப் புதுமுறையில் ஆங்கிலப் பயிற்சி தர முனைந்தது. பயிற்சி பெற்றவர் மற்றவருக்குச் சொல்லித் தர வேண்டும். பனி உருண்டை உருள உருளப் பெருப்பது போல. அந்த முறையில் வாக்கிய அமைப்புகளுக்குத்தான் முதலிடம். சார் சொல்ல, வகுப்பு முழுவதும் கோரஸாகத் திருப்பிச் சொல்லும். வாய் திறந்தது உண்மை. ஆனால் சொன்னது பிள்ளையின் சொந்தப் பேச்சு இல்லை.

1979 முதல் 1984 வரை என்.எஸ். பிரபு பெங்களூர், சென்னை, கடலூர்ப் பள்ளிகளில் வேறு வழியைச் சோதித்தார். ரயில் டைம்டேபிள், வரைபடம் போன்றவற்றை வைத்துப் பிள்ளைகளை யோசிக்க விட்டார். மனசு விஷயத்தில் இருந்தால் மொழி தானாக வந்து ஒட்டிக்கொள்ளும் என்பது அவர் வாதம். அது நாடகம் இல்லை. ஆனாலும் குழு நாடகம் பலன் தருவதற்கும் இதுவே அடிப்படை.

என் தொழில் பாஷையில் சொன்னால் இது பாரத்தைப் பகிர்வது. ஒரே தூணில் விழுந்தால் விரிசல் விடும் எடையை நாலு தூண் தாங்கிவிடும். தனியாக எழுந்து நின்று பேசச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்கிற பையன், கண்டக்டர் வேஷத்தில் தைரியமாகச் சில்லறை கேட்பான். தப்பாகச் சொன்னாலும் மானம் போவது கண்டக்டருக்குத்தானே! அடுத்தவன் வசனம் முடிகிற இடத்தைக் காது கொடுத்துக் கேட்டாக வேண்டும். எழுதும்போது 'இந்த ஆள் இப்படியா பேசுவான்?' என்று சண்டை வரும். அந்தச் சண்டைதான் பாடம். ஒரு எச்சரிக்கை: கெட்டிக்காரன் ஒருவனே எல்லா வசனத்தையும் பேசி, மற்றவர்கள் 'எஸ் சார்' என்று மட்டும் சொன்னால் பிரயோஜனமில்லை. எவர் வாய் மூடினாலும் கதை நின்றுவிட வேண்டும்; அப்படி எழுத வேண்டும்.

இனி நம் மலைக்கு வருவோம். ஜவ்வாது மலையடிவாரத்துச் செங்கம்தான் சங்க காலத்து நன்னனின் ஊர். அவனைப் பாடும் மலைபடுகடாம், 583 அடிகளில், ஒரு கூத்தர் கூட்டத்துக்கு மலைவழி காட்டும் கூத்தராற்றுப்படை. இன்றும் திருவண்ணாமலை வட்டாரம் தெருக்கூத்தின் தாய்வீடு. கட்டியங்காரன் சபையைப் பார்த்துச் சமயத்துக்கேற்ப வசனம் கட்டுகிறானே, அதைத்தானே குழு நாடகத்திலும் செய்யச் சொல்கிறோம்! கூத்து இந்த மண்ணுக்குப் புதுசு இல்லை. ஆங்கிலம்தான் புதுசு.

மலையில் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் இருக்கின்றன. வனத்துறையே நடத்தும் பள்ளிகளும் உண்டு. அங்கே படிக்கும் மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகளுக்குக் கதைக்குப் பஞ்சமே இல்லை. சாமையை எடை போடும் வியாபாரி, ஜமுனாமரத்தூர் பஸ், காவலூரின் 2.3 மீட்டர் தொலைநோக்கியைப் பார்க்க வரும் வெளியூர்க்காரர் என்று எடுத்துக் கொடுத்தால் போதும். மீதியை அவர்களே கட்டிக்கொள்வார்கள்.

தமிழ் மீடியத்திலிருந்து வந்த நம்மில் பலருக்கு, கணக்கு தெரிந்தும் இன்டர்வியூவில் வாய் திறக்காமல் வாய்ப்பு கைநழுவிய அனுபவம் இருக்கும். மலைப் பிள்ளைக்கு அந்தப் படி இன்னும் உயரம். எனவே சங்கத்துக்கு ஒரு யோசனை. நோட்டுப் புத்தகம் கொடுக்க மலை ஏறும்போது, தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்டு ஒரு மணி நேரம் கூடுதலாக இருப்போம். இன்றைய மாணவர்களும் கூட வாருங்கள். நாம் பேச வேண்டாம். அவர்கள் நடிக்கட்டும், நாம் தரையில் உட்கார்ந்து பார்ப்போம்.