எண்ணைக் கேட்பதும் பெயரைக் கேட்பதும்

யூனிக்ஸ் சர்வரிலுள்ள ஒரே ஃபோல்டரை லினக்ஸ் கணினிகளுக்கு என்எஃப்எஸ் வழியாகவும், விண்டோஸ் கணினிகளுக்கு சம்பா வழியாகவும் பகிர்ந்திருக்கிறோம் என்று கொள்வோம். சர்வர் திடீரென்று நின்றுவிடுகிறது. லினக்ஸ் பக்கம் அந்த ஃபோல்டரைத் தொட்ட நிரல் அப்படியே உறைந்து, சர்வர் மீளும்வரை காத்திருக்கிறது. விண்டோஸ் பக்கமோ சற்று நேரத்தில் பிழைச்செய்தியோடு கைவிரித்துவிடுகிறது. என்எஃப்எஸ்ஸின் பொறுமை எனக்குப் பிடிக்கும்; ஆனால் பழுது தேடும் வேளையில் சம்பாவின் மறுப்பே உதவுகிறது, மறுப்போடு காரணமும் வருவதால்.

வந்திருப்பவர் யார் என்று அறிவதில் இரண்டும் எதிரெதிர்த் திசையில் நிற்கின்றன. 1984-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் தந்த என்எஃப்எஸ், வழக்கமான அமைப்பில், கடவுச்சொல் கேட்பதில்லை. கிளையன்ட் சொல்லும் யூஐடி எண்ணை அப்படியே நம்புகிறது. உங்கள் கணினியில் 1001 நீங்கள். சர்வரில் 1001 வேறொருவர் என்றால், நீங்கள் எழுதிய கோப்பு அவருடையதாகிவிடும். ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் தொடங்கிய சம்பா, பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்கிறது. ஆனால் அதன் கடவுச்சொல் பட்டியல் தனி. சர்வரில் லாகின் செய்ய முடிந்தவரே பகிர்வுக்குள் நுழைய முடியாமல் திகைப்பது இதனால்தான்.

அமைப்புக் கோப்புகளிலும் ஒரு வியப்பு உண்டு. என்எஃப்எஸ்ஸின் எக்ஸ்போர்ட்ஸ் கோப்பில் கணினியின் பெயருக்கும் அடைப்புக்குறிக்கும் நடுவே ஒரு வெற்றிடம் விழுந்தால் போதும்: குறிப்பிட்ட கணினிக்குப் படிக்கும் உரிமை மட்டும் எஞ்சும், எழுதும் உரிமை ஊருக்கெல்லாம் போய்விடும். சம்பாவின் அமைப்புக் கோப்போ அளவுருப் பெயர்களுக்குள் இருக்கும் வெற்றிடத்தைப் பொருட்படுத்துவதே இல்லை.

இவ்வளவு வேறுபட்டாலும் இரண்டும் ஒரே வாசலில்தான் போய் நிற்கின்றன. பகிர்வில் எழுத அனுமதி தந்தாலும், ஃபோல்டரின் யூனிக்ஸ் அனுமதி மறுத்தால் இரண்டும் தோற்கும். காலப்போக்கில் நெருங்கியும் வந்திருக்கின்றன. பல போர்ட்டுகளை நம்பியிருந்த என்எஃப்எஸ், நான்காம் பதிப்பில் 2049 ஒன்றோடு நிறைவடைந்தது. எண்ணை விட்டுப் பெயரால் உரிமையாளரைச் சொல்லவும் கற்றது. விண்டோஸ் பகிர்வும் 139-ஐ விட்டு 445-க்கு வந்து சேர்ந்தது.

எனக்கு மிகவும் பிடித்த உறவு 'நோபடி' என்ற பயனர். என்எஃப்எஸ் தொலைவிலிருந்து வரும் ரூட்டை நம்பாமல் நோபடியாக்குகிறது. சம்பாவும் விருந்தினருக்கு அதே கணக்கைத்தான் தருகிறது. இரண்டுக்கும் இனங்காணாதவர் ஒருவரே! ஆகவே பழுது பார்க்கையில் நான் முதலில் ஒரு வெற்றுக் கோப்பை உருவாக்கி, அதன் உரிமையாளர் யாரென்று சர்வரில் பார்ப்பேன். நோபடி என்று இருந்தால், என்எஃப்எஸ்ஸில் ரூட்டாக வந்தோமா என்று தேட வேண்டும். சம்பாவில், தெரியாத பெயர்களை விருந்தினராக ஏற்கும் அமைப்பு இருந்து, பயனர் பெயரில் ஓர் எழுத்து பிசகியிருக்கலாம்.