படிக்க இயலாத நூல்

சீன ஓவியர் சூ பிங் ஏறத்தாழ 4,000 எழுத்துகளைத் தாமே புனைந்தார். ஒவ்வொன்றையும் மரத்தில் அச்சாகச் செதுக்கி, நூல்களும் நெடிய சுருள்களும் அச்சிட்டார். 1988-இல் பெய்ஜிங் தேசியக் கலைக்கூடத்தில் அவற்றைக் கண்டோர் தெரிந்த எழுத்து ஒன்றேனும் உண்டா எனத் தேடினர். ஒன்றும் இல்லை. ‘வானிலிருந்து வந்த நூல்’ எனப் பின்னர் அது பெயர் பெற்றது. விளங்காத எழுத்தைச் சீனர் அவ்வாறு சொல்வது வழக்கம்.

பொருளின்மைக்கு இத்துணை உழைப்பு எதற்கு? விடை அவர் இளமையில் உள்ளது. 1955-இல் பிறந்த அவர் எழுத்துக் கற்ற காலத்திலேயே அரசின் சீர்திருத்தம் எழுத்துகளின் வடிவை மாற்றியது. 1966-இல் பண்பாட்டுப் புரட்சி வெடித்தது. பல்கலைக்கழக வரலாற்றுத் துறையில் பணியாற்றிய தந்தை பழிக்கு ஆளானார். மகனோ, தம் எழுத்துத்திறனால் அதே புரட்சியின் முழக்கங்களை எழுதித் தந்தார். தந்தையைச் சுட்ட எழுத்தும் மகனைக் காத்த எழுத்தும் ஒன்றே. அந்த அச்சத்தின் தடம் இந்நூலில் உண்டு.

1989-இல் தியனன்மென் கிளர்ச்சி ஒடுக்கப்பட்டபின், அரசுசார் விமரிசகர்கள் இப்படைப்பைச் சாடினர். ஒரு சொல்லும் இல்லாத நூலுக்கும் கண்டனம்! 1990-இல் அமெரிக்கா சென்ற சூ பிங், 2008-இல் தாயகம் மீண்டு, மத்திய நுண்கலைக் கழகத்தின் துணைத் தலைவரானார்.

முழக்கங்கள் கறைப்படுத்திய எழுத்தை, பொருளை நீக்கித் தூய்மை செய்தார் ஓவியர். கவிஞர்க்கு அவ்வழி இல்லை. பொருளோடுதான் சொல்லை மீட்டாக வேண்டும்.