48 பேரும் மூணு குறுணி நெல்லும்

போன ஞாயிறு திருநீர்மலை போயிருந்தேன். தாம்பரத்துலேர்ந்து பக்கம்தான், ஆனா வருஷத்துக்கு ஒரு தடவை போனாலே அதிகம்! பெருமாள் புறப்பாடு. முன்னாடி பிரபந்த கோஷ்டி, பின்னாடி வேத கோஷ்டி. கோஷ்டியில ஒரு பெரியவருக்கு இருமல் வந்து நடுவுல நிறுத்திட்டார். பாசுரம் நிக்கலை. பக்கத்துல இருந்தவங்க கொண்டு போயிட்டாங்க, அவர் அடுத்த அடியில வந்து சேர்ந்துகிட்டார். கூட்டமா பாடறதோட பலம் இதுதான்னு அப்பதான் உறைச்சுது.

இது நம்ம ஊர் சமாச்சாரம் மட்டும் இல்லை. பழைய கிரேக்கர்களும் சாமி முன்னாடி இப்படிக் குழுவா பாடினவங்கதான். ஏதென்ஸ்லேர்ந்து டெல்ஃபிக்கு ஊர்வலமா போய் அப்பல்லோவுக்குப் பாடின ரெண்டு துதிகளை, கி.மு. 2ஆம் நூற்றாண்டுல அங்கயே கல்லுல வெட்டி வச்சிருக்காங்க. வெறும் வரி இல்லீங்க, மேல சுரக் குறியோட! 1893ல பிரெஞ்சுக்காரங்க தோண்டி எடுத்தாங்க.

இப்ப தஞ்சாவூர் வாங்க. பெரிய கோயில்ல திருப்பதியம் (அதாவது தேவாரம்) பாட ராஜராஜன் 48 பிடாரர்களை வச்சான். கூட உடுக்கைக்கு ஒருத்தர், கொட்டி மத்தளத்துக்கு ஒருத்தர், ஆக 50 பேர். ஆளுக்கு தினம் மூணு குறுணி நெல். ஒருத்தர் செத்தாலோ ஊரை விட்டுப் போனாலோ அடுத்த உறவுக்காரர் பாடணும். அவருக்குத் தகுதி இல்லைன்னா தகுதியான ஆளை வைக்கணும். இத்தனையும் கல்வெட்டுல இருக்கு. பாட்டோ பண்ணோ அதுல இல்லை. முழுக்க ஹெச்.ஆர். பாலிசி!

எது பிழைச்சுது? கி.பி. 4ஆம் நூற்றாண்டு கடைசியில ரோமப் பேரரசன் தியோடோசியஸ் பழைய வழிபாடுகளைத் தடை பண்ணினான். டெல்ஃபியில சுரம் இருந்தது, பாட ஆள் இல்லை. கல்லைப் படிச்சு இன்னிக்கு ஆராய்ச்சிக்காரங்கதான் பாடிப் பார்க்கறாங்க. தேவாரம்? ராஜராஜன் கேட்ட அதே மெட்டுதான்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா இன்னிக்கும் கோயில்ல, பூஜை நேரத்துல, சாமி முன்னாடி ஒலிக்குது. பாட்டைக் காப்பாத்தணும்னா பாடறவனுக்கு முதல்ல சோறு போடணும். ராஜராஜனுக்கு அது தெரிஞ்சிருக்கு.

48 பேர் பாடின தேவாரத்தை இன்னிக்குப் பல சிவன் கோயில்கள்ல ஒரே ஒரு ஓதுவார், மைக் முன்னாடி தனியா பாடறார். சில இடத்துல அவரும் இல்லாம ஸ்பீக்கர்தான்.

அந்த ஒருத்தருக்கு இருமல் வந்தா அடுத்த அடியை யார் எடுப்பாங்க?