சென்னையின் வாக்குப்பதிவும் மாமன்றத்தின் அதிகாரமும்

தமிழ்நாட்டின் நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகளுக்கு 2022 பிப்ரவரி 19 அன்று நடந்த தேர்தலில் மாநில அளவில் 60.70 விழுக்காடு வாக்குகள் பதிவாயின. கரூர் மாவட்டம் 76.34 விழுக்காட்டுடன் முன்னணியில் இருந்தது. சென்னை மாநகராட்சியில் பதிவானது 43.59 விழுக்காடு மட்டுமே. படித்த நகரவாசிகளின் அலட்சியமே இதற்குக் காரணம் என்று வழக்கமாகச் சொல்லப்படுகிறது. அந்த விளக்கம் போதாது. வாக்குக் கேட்கும் பதவிக்கு என்ன அதிகாரம் உண்டு என்ற கணிப்பே வார்டுத் தேர்தலில் வாக்காளரை வாக்குச்சாவடிக்கு அழைத்துவருகிறது, அல்லது வீட்டிலேயே நிறுத்திவிடுகிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

கட்சிச் சார்பு விளக்குமா?

சென்னை நெடுங்காலமாகத் தி.மு.க.வின் கோட்டை. 2021 சட்டமன்றத் தேர்தலில் சென்னை மாவட்டத்தின் 16 தொகுதிகளும் அக்கட்சிக் கூட்டணிக்கே கிடைத்தன. முடிவு முன்கூட்டியே தெரிந்த இடத்தில் வாக்களிக்கும் ஆர்வம் குறையும் என்பது பொதுவான கருத்து. ஆனால் 2022இல் 21 மாநகராட்சிகளையும் அந்தக் கூட்டணியே கைப்பற்றியது. ஆளுங்கட்சி அலை மாநிலம் முழுதும் ஒன்றுபோல் வீசியிருக்க, வாக்குப்பதிவு மட்டும் ஊருக்கு ஊர் இவ்வளவு வேறுபட்டது. ஆகவே சார்பைக் கொண்டு மட்டும் சென்னையின் சரிவை விளக்க முடியாது.

பட்டியலின் பங்கு

வாக்காளர் பட்டியலின் பழுது வலுவான காரணம். இறந்தவர், வீடு மாறியவர், இருமுறை பதிவானவர் ஆகியோரின் பெயர்கள் நீங்காதவரை வாக்குப்பதிவு விழுக்காடு குறைவாகவே தெரியும். வாடகைக் குடித்தனங்கள் மிகுந்த சென்னையில் இந்தப் பழுது பெரிது. 2025 டிசம்பரில் சிறப்புத் தீவிரத் திருத்தத்தின் வரைவுப் பட்டியல் வெளியானபோது மாநிலத்தில் ஏறத்தாழ 97 லட்சம் பெயர்களும், சென்னை மாவட்டத்தில் மட்டும் சுமார் 14 லட்சம் பெயர்களும் நீக்கப்பட்டிருந்தன. தகுதியுள்ளோரும் விடுபட்டனர் என்ற எதிர்ப்பு எழுந்தது. அதைப் புறந்தள்ள முடியாது. இருப்பினும், 2024 மக்களவைத் தேர்தலில் தர்மபுரியின் 81 விழுக்காட்டுக்கும் மத்திய சென்னையின் 54 விழுக்காட்டுக்கும் இடையிலான தூரத்தில் பட்டியலுக்கும் பங்குண்டு என்று இத்திருத்தத்துக்குப் பின் துணிந்து சொல்லலாம்.

ஆனால் பட்டியல் விளக்காத ஒன்று மிஞ்சுகிறது. 2021 சட்டமன்றத் தேர்தலில் சென்னை மாவட்டத்தில் ஏறத்தாழ 59 விழுக்காட்டினர் வாக்களித்தனர். உள்ளாட்சித் தேர்தலுக்கான பட்டியல் சட்டமன்றப் பட்டியலிலிருந்தே தயாராகிறது. மாநகராட்சி எல்லை மாவட்டத் தொகுதிகளைவிட விரிந்தது என்பதைக் கணக்கில் கொண்டாலும், பத்தே மாதங்களில் 15 புள்ளிகள் சரிந்ததற்குப் பட்டியலைக் குறைசொல்ல இயலாது. பட்டியல் பெரிதும் மாறவில்லை, மாறியது தேர்தல்.

அதிகாரமும் ஆர்வமும்

கிராமங்களில் நிலைமை நேரெதிர். 2019 டிசம்பரில் 27 மாவட்டங்களில் நடந்த ஊரக உள்ளாட்சித் தேர்தலின் இரு கட்டங்களிலும் 76 விழுக்காட்டுக்கு மேல் வாக்குகள் பதிவாயின. அதே ஆண்டு மக்களவைத் தேர்தலில் மாநிலம் கண்ட 72 விழுக்காட்டைவிட இது அதிகம். ஊராட்சித் தலைவரை மக்களே நேரடியாக, கட்சிச் சின்னமின்றித் தேர்ந்தெடுக்கிறார்கள். குடிநீர்க் குழாய், தெருவிளக்கு, வீட்டுவரி என எதற்கும் அவரிடமே போய் நிற்கலாம். கிராமசபையில் கணக்கும் கேட்கலாம்.

சென்னை மாமன்ற உறுப்பினரின் நிலை வேறு. குடிநீரும் கழிவுநீரும் 1978இல் அமைந்த தனி வாரியத்தின் பொறுப்பு. நகரத் திட்டமிடல் பெருநகர வளர்ச்சிக் குழுமத்திடமும், பேருந்து மாநகரப் போக்குவரத்துக் கழகத்திடமும் உள்ளன. மேயரை 1996, 2001, 2011இல் மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தனர். 2006, 2022இல் அந்த உரிமை உறுப்பினர்களுக்குப் போனது. 1973 முதல் 1996 வரை தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லை. 2016இல் பதவிக்காலம் முடிந்தபின் 2022 வரை மீண்டும் தனி அலுவலர் ஆட்சி. மன்றமே இல்லாமல் நகரம் ஆண்டுக்கணக்கில் நடக்கும் என்று அரசே காட்டிய பிறகு, அம்மன்றத்துக்கு வாக்களிக்கத் தயங்கும் குடிமகனை மட்டும் கண்டிப்பது நீதியாகாது.

கிராமத்தின் உயர்ந்த வாக்குப்பதிவெல்லாம் மக்களாட்சியின் வெற்றி ஆகிவிடாது. பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட பாப்பாபட்டி, கீரிப்பட்டி ஊராட்சிகளில் 1996 முதல் பத்தாண்டுகள் ஆதிக்கச் சாதியினர் முறையான தேர்தலையே நடக்கவிடவில்லை. மேலவளவில் தேர்ந்தெடுக்கப்பட்ட தலித் தலைவர் முருகேசன் 1997இல் கொல்லப்பட்டார். ஊராட்சிப் பதவிக்கு அதிகாரம் உண்டு என்பதாலேயே அதை மறிக்கவும் முனைந்தார்கள். இக்கொடுமையும், வேறொரு திசையிலிருந்து, அதே காரணத்தையே சுட்டுகிறது.

முடிவு

விழிப்புணர்வுப் பேரணிகளால் மட்டும் சென்னையின் வாக்குப்பதிவு உயராது. பட்டியல் தகுதியுள்ள எவரையும் விடாமல் ஆண்டுதோறும் சீராக வேண்டும். மேயர் தேர்தல் நேரடியாக நடக்க வேண்டும். குடிநீர், திட்டமிடல் அமைப்புகள் மாமன்றத்துக்குப் பதில்சொல்லக் கடமைப்பட வேண்டும். 2022இல் விதி வகுக்கப்பட்ட வார்டுக் குழுக்களும் பகுதி சபைகளும் கிராமசபை போலவே தவறாமல் கூட வேண்டும். தேர்தல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தவறாமல் வர வேண்டும். இவற்றைச் செய்தபிறகும் மக்கள் வராவிட்டால் அப்போது அவர்களின் அக்கறையைப் பற்றிப் பேசலாம். அதுவரை கேள்வி, அதிகாரத்தைப் பகிர மறுக்கும் மாநில அரசுகளை நோக்கியே எழ வேண்டும்.