மரத்தில் பதிந்த முகங்களும் மறைந்துபோன முகங்களும்

திருகோணமலைத் துறைமுகப் பகுதியில் யப்பான் என்ற பெயர் 1942ஆம் ஆண்டோடு ஒட்டிக்கொண்ட பெயர். அவ்வாண்டு ஏப்ரல் 9ஆம் நாள் காலை யப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனன்குடா விமானத்தளத்தையும் குண்டுவீசித் தாக்கின. ஆனால் அந்த நாட்டுக்கு வேறொரு முகமும் உண்டு. அது நமது கூத்துக் கலைஞருக்கு மிக நெருக்கமானது.

யப்பானின் கபுகி நாடகத்தைத்தான் சொல்கிறேன். 1629இல் பெண்கள் மேடையேறுவது தடைசெய்யப்பட்டது. அதன்பின், நமது கூத்தைப் போலவே, பெண் வேடங்களையும் ஆண்களே தாங்கினர். சமூகப் படிநிலையில் நடிகருக்குக் கிடைத்த இடம் மிகத் தாழ்ந்தது. ஆயினும் அவர்களுடைய முகங்கள் அச்சேறித் தெருவெங்கும் விற்பனையாயின. ஓவியர் வரைவார், செதுக்குநர் செர்ரி மரப்பலகையில் வெட்டுவார், அச்சாளர் வண்ணத்துக்கொரு பலகையாக ஒற்றியெடுப்பார், வெளியீட்டாளர் முதலிடுவார். 1765 முதல் பல வண்ணப் படங்கள் பெருகின.

1794இல் சரக்கு என்ற ஓவியர் தோன்றினார். ஏறத்தாழப் பத்தே மாதங்களில் நூற்று நாற்பதுக்கும் மேற்பட்ட படங்களைத் தந்துவிட்டு மறைந்தார். முகப்பூச்சுக்குப் பின்னாலிருந்த மனிதனின் அகந்தையையும் முதுமையையும் அவர் ஒளிக்கவில்லை. 1842இல் அரசு நடிகர் படங்களைத் தடைசெய்தது, தடை நிலைக்கவில்லை. 1854இல் எட்டாம் தன்ஜூரோ என்ற நடிகர் தற்கொலை செய்துகொண்டபோது, அவருக்கு வெளிவந்த அஞ்சலிப் படங்கள் மட்டும் நூறு வகையைத் தாண்டின.

யப்பானிய அச்சோவியங்களின் மாபெரும் தொகுப்புகளுள் ஒன்று அமெரிக்காவின் பொஸ்ரன் நுண்கலை அருங்காட்சியகத்தில் உள்ளது. ஐம்பதினாயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள். அதே அருங்காட்சியகத்தில் 1917 முதல் 1947இல் மறையும்வரை பணியாற்றியவர் கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி. அங்கு சேர்ந்த அதே 1917இல்தான் அபிநய தர்ப்பணத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பும் அவர் பெயர் தாங்கி வெளிவந்தது. அவருடைய தந்தை சேர் முத்து குமாரசுவாமி, அரிச்சந்திர நாடகத்தை 1863இலேயே ஆங்கிலத்தில் தந்தவர். நமது நாடகத்தின் சொல்லையும் முத்திரையையும் உலகுக்குக் காட்டிய குடும்பம் அது. நடிகனின் முகம்?

கிழக்கிலங்கையின் வடமோடியும் தென்மோடியும் வட்டக்களரியில் விடியவிடிய ஆடப்பட்டவை. இரவில் கர்ணனாக முடிசூடியவர் காலையில் வயலுக்கோ கடலுக்கோ போனார். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இல் ‘கர்ணன் போர்’, 1964இல் ‘இராவணேசன்’ ஆகியவற்றைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொணர்ந்தார். கூத்து நூல்களையும் பதிப்பித்தார். அதனால் பாடல்கள் பிழைத்தன. பாடியவர்களின் முகங்களில் பல பிழைக்கவில்லை. வீடுகளில் இருந்த ஒன்றிரண்டு நிழற்படங்களையும் போரும் இடப்பெயர்வும் 2004ஆம் ஆண்டுக் கடற்கோளும் கொண்டுபோயின.

யப்பானில் நடிகனின் முகத்தைக் காத்தது அரசு அன்று. மலிவான ஒரு தாளை வாங்கி வீட்டில் வைத்துக்கொண்ட இரசிகன். உலகெங்கும் சிதறியிருக்கும் வாசகர்களே, உங்கள் வீட்டுப் பெட்டியில் ஓர் அண்ணாவியாரின் படமோ, கிரீடம் தரித்த பாட்டனாரின் படமோ இருக்கக்கூடும். அதன் பின்புறத்தில் அவர் பெயரையும் ஊரையும் ஏற்ற வேடத்தையும் இன்றே எழுதிவையுங்கள். பெயர் சொல்லத் தெரிந்தவர்கள் நம்மிடையே இன்னும் சிலர்தாம் எஞ்சியிருக்கிறார்கள்.