ராங்டா: பிந்தி நட்ட வெங்காயம்

நமக்குப் பெரிய வெங்காயம் என்றால் பெல்லாரி, சின்னது என்றால் சாம்பார் வெங்காயம். கதை முடிந்தது. ஆனால் கோயம்பேட்டுக்கு லாரி ஏற்றி அனுப்பும் நாசிக் பக்கத்து விவசாயியிடம் கேட்டால், பெரிய வெங்காயத்துக்கே மூன்று பெயர் சொல்வார்: போள், ராங்டா, உன்ஹாள். மூன்றும் எப்போது நட்டார்கள் என்பதை வைத்து வந்த பெயர்கள்.

ஜூலை, ஆகஸ்டில் நட்டுத் தீபாவளியை ஒட்டி அறுப்பது போள். டிசம்பர், ஜனவரியில் நட்டுக் கோடையில் அறுப்பது உன்ஹாள். இந்தியாவின் வெங்காயத்தில் பெரும் பகுதி இதுதான். காற்றோட்டமான கொட்டகைகளில் கொட்டி வைத்து அக்டோபர் வரைக்கும் விற்கலாம். இரண்டுக்கும் நடுவே, அக்டோபர், நவம்பரில் பிந்தி நடுவது ராங்டா. மராத்தியில் முரட்டு நாட்டுப்புறத்து ஆளையும் ராங்டா என்றுதான் சொல்வார்கள்.

பிந்தி நட்டால் என்ன ஆகிவிடும்? வெங்காயத்தின் அடுக்குகளில் பெரும்பாலானவை இலைகளின் அடிப்பகுதிகள்தான். இலை எத்தனை விடுகிறதோ, காய் அந்த அளவுக்குத் திரளும். எப்போது இலை விடுவதை நிறுத்திவிட்டுக் காய் பிடிக்க ஆரம்பிக்க வேண்டும் என்பதைச் செடி பகலின் நீளத்தை வைத்துத்தான் பெரும்பாலும் முடிவு செய்கிறது. பகல் நீளத்துக்குச் செடிகள் கட்டுப்படுவதை அமெரிக்க வேளாண்மைத் துறையின் கார்னரும் அல்லார்டும் 1920இல் புகையிலையையும் சோயாவையும் வைத்துக் காட்டினார்கள். 1937இல் மக்ரூடரும் அல்லார்டும் வெங்காயத்தில் அதைச் சோதித்தார்கள். உன்ஹாளைப் பிந்தி நட்டால், நாலு இலை விடுவதற்குள் பகலும் வெயிலும் ஏறிவிடும், காய் சிறுத்துப்போகும். ராங்டாவுக்கு வேறு தொல்லை. குளிரில் மாட்டிக்கொண்டு பூத்தண்டு விடும், காய் இரட்டை இரட்டையாகப் பிளக்கும். உன்ஹாள் மாதிரி அதைச் சேமித்தும் வைக்க முடியாது. அறுத்தால் உடனே விற்றாக வேண்டும்.

இந்தக் கடைசி விஷயம்தான் வரலாற்றைத் தீர்மானிக்கிறது.

மழை பிந்தினால் நாற்று பிந்தும். நாற்று பிந்தினால் போள் தீபாவளிக்கு வராது. கொட்டகையில் பழைய உன்ஹாளும் தீர்ந்திருக்கும். செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை ஒரு பள்ளம் விழும். தேர்தல் அந்தப் பள்ளத்தில் வந்தால் அவ்வளவுதான். 1998 அக்டோபரில் டெல்லியில் வெங்காய விலை எகிறியபோது பாஜக முதலமைச்சரையே மாற்றிப் பார்த்தது. சுஷ்மா சுவராஜ் வந்தார். நவம்பர் தேர்தலில் 70 இடங்களில் 52ஐக் காங்கிரஸ் பிடித்தது. அதற்கும் முன்னால், 1980 ஜனவரித் தேர்தலில் இந்திரா காந்தி வெங்காய விலையைப் பிரச்சாரம் ஆக்கினார், 353 இடங்களோடு திரும்பி வந்தார். காரணம் வெங்காயம் மட்டுமில்லை. ஆனால் அரசியல்வாதிகள் படித்துக்கொண்ட பாடம் அதுதான்: விலை ஏறினால் ஆட்சி போகும்.

அதே 1980இன் நவம்பரில் நாசிக்கில் விவசாயிகள் சாலையையும் ரயிலையும் மறித்தார்கள். அவர்கள் கேட்டது நேர் எதிரானது: வெங்காயத்துக்கும் கரும்புக்கும் கட்டுபடியாகும் விலை. தலைமை தாங்கிய சரத் ஜோஷி, சுவிட்சர்லாந்தில் ஐ.நா.வின் தபால் அமைப்பில் பார்த்த வேலையை விட்டுவிட்டுப் புனேவுக்குப் பக்கத்தில் நிலம் வாங்கி விவசாயம் செய்ய வந்தவர். வெங்காயத்தை வாங்குகிறவர்களின் கோபம் அரசாங்கங்களுக்கு நன்றாகவே கேட்டது. விற்கிறவர்களின் கோபம் அப்படிக் கேட்கவில்லை.

2018 கடைசியில் நிபாட் வட்டத்து விவசாயி ஒருவர் 750 கிலோ வெங்காயம் விற்றுக் கிடைத்த 1,064 ரூபாயைப் பிரதமருக்கு அனுப்பிவைத்தார். செய்தி ஓடியது. அவ்வளவோடு சரி. அடுத்த ஆண்டுத் தேர்தலில் அது எதையும் அசைக்கவில்லை.

2019இல் மழை பின்வாங்கவே இல்லை. வெங்காயம் கிலோ 100 ரூபாயைத் தாண்டியது, எகிப்திலிருந்தும் துருக்கியிலிருந்தும் கப்பலில் வந்தது. செப்டம்பர் 29இல் விதித்த ஏற்றுமதித் தடை 2020 மார்ச் 15 வரை நீடித்தது. தேதிகளைப் பாருங்கள்: விலை ஏறியபோது வந்த தடை, ராங்டா அறுவடை முழுவதையும் விழுங்கிவிட்டுத்தான் விலகியது. பள்ளத்தை உண்டாக்கியவர் விவசாயி இல்லை, மழை. பள்ளத்தை நிரப்ப அவர் பிந்தி நட்ட வெங்காயம் சந்தைக்கு வரும்போது மட்டும் வெளிநாட்டுக் கதவு சாத்தியிருக்கும். சேமித்து வைக்கவும் முடியாத சரக்கு.

2023இலும் இதே கதை. 1901க்குப் பிறகு அவ்வளவு வறண்ட ஆகஸ்ட் நாட்டில் இருந்ததில்லை. டிசம்பர் 8இல் தடை வந்தது, 2024 மே 4இல்தான் நீங்கியது. இந்த முறை ஒரு வித்தியாசம்: மே 20இல் நாசிக் பக்கம் ஓட்டுப்பதிவு. வெங்காயக் காடான திண்டோரி தொகுதியில் மத்திய அமைச்சர் ஒருவரே தோற்றார். விலை ஏறினால் மட்டுமில்லை, இறங்கினாலும் ஓட்டு போகலாம் என்று தெரிய இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

அடுத்த தடவை டிவியில் வெங்காய விலை தலைப்புச் செய்தியாக ஓடும்போது, அது எந்த மாசம்னு பாருங்க. அக்டோபர் என்றால், அதே வாரத்தில் நாசிக்கில் யாரோ நாற்று பிடுங்கி நட்டுக்கொண்டிருப்பார். அவர் நம்பி நடுவது அக்டோபர் விலையை. கையில் வாங்கப்போவது பிப்ரவரி விலையை.