கல்லிடைச் சாந்து



1560ஆம் ஆண்டிலே போர்த்துக்கேயப் படை நல்லூரைத் தாக்கியபோது சங்கிலி மன்னன் பின்வாங்கி வந்தது எங்கள் கோப்பாயிலிருந்த கோட்டைக்கே. அரசர் கட்டிய கோட்டைகளைப் பற்றி நூல்கள் பேசுகின்றன. குடிமக்கள் கட்டிய சுவர்களைப் பற்றிப் பேசுவார் யார்? இன்று அவற்றின் கல்லிடுக்குகளில் கிடக்கும் சாந்தைப் பற்றிச் சிறிது பேசலாம் என எண்ணுகிறேன்.

யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணக்கற் பாறைமேல் அமைந்தது. சுவருக்குரிய கல்லும் அதிலேதான். அக்கல்லைப் பிணைக்கும் சாந்தும் அதிலேதான். சுண்ணக்கல்லைச் சூளையிலே ஏறத்தாழ 900 பாகை வெப்பத்தில் சுட்டால் அதிலுள்ள கரியமிலவாயு நீங்கிவிடும். நீரூற்றினால் கொதித்து நீறும். மணலுடன் குழைத்துக் கல்லிடுக்கில் இட்டபின், காற்றிலுள்ள கரியமிலவாயுவை மெல்ல மெல்ல ஏற்று மீண்டும் கல்லின் தன்மையை அடையும். யாழ்ப்பாணக் கோட்டையின் முருகைக்கற்களைப் பிணைத்திருப்பதும் இச்சுண்ணச் சாந்தே. நெடுந்தீவிலோ சாந்தே இன்றி முருகைக்கல் அடுக்கிய வேலிகளைக் காணலாம்.

1824இல் இங்கிலாந்திலே காப்புரிமை பெற்ற சீமெந்து, 1950இல் காங்கேசன்துறையில் ஆலை எழுந்தபின் எங்கள் வாசலுக்கே வந்தது. 1990இல் ஆலை நின்றது. சீமெந்து மோகம் நிற்கவில்லை.

அம்மோகத்திற்கு நானும் விலக்கல்ல. 2003இல் எங்கள் நாற்சார் வீட்டின் மேற்குச் சுவரிலே சாந்து உதிர்ந்திருந்தது. திருத்த வந்த வயோதிப மேசன், "தம்பி, சீமெந்து வேண்டாம். கல்லைவிடச் சாந்து இளக்கமாய் இருக்கவேணும்" என்றார். பல்கலைக்கழகம் படிக்கும் எனக்கு இவர் சொல்வதா என்று சீமெந்தையே பூசுவித்தேன்.

பத்தாண்டு செல்லுமுன் பலன் தெரிந்தது. சீமெந்து வரிகள் அப்படியே நின்றன. இடையிலிருந்த கற்களோ மாவாகக் கொட்டின. சுவரிலேறிய ஈரம் முன்னர் சாந்தின் வழியே உலர்ந்தது. சீமெந்து அவ்வழியை அடைக்கவே ஈரம் கல்லின் வழியே வெளியேறியது. அது விட்டுச்சென்ற உப்பு படிகமாகிக் கல்லைப் பிளந்தது. சாந்து உதிர்ந்தால் மறுபடி பூசலாம். கல் உதிர்ந்தால் என் செய்வது?

மன்னிப்புக் கேட்கவும், சுண்ணாம்பை எத்தனை நாள் ஊறவிடுவது என்று கேட்கவும் அவர் வீடு தேடிச் சென்றேன். அவர் காலமாகி இரண்டாண்டு ஆகியிருந்தது.

நேயர்களே, உங்கள் ஊரிலே சுண்ணாம்பு நீற்றத் தெரிந்த முதியவர் எவரேனும் இருப்பின், இவ்வாரமே சென்று கேட்டு எழுதி வையுங்கள்.